யோவான் திருநாள் விருந்துக்கு அவர்களையும் கூட்டி வா

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். குன்னூரில் காலையில் நல்ல பனி. ஊட்டிப் பக்கம், தலைகுந்தாவில் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிவிட்டதாம்.

நேற்று போனில் நீ தயங்கித் தயங்கிக் கேட்டாயே, அதை அங்கேயே பேசி முடித்திருக்கலாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. தூத்துக்குடியில் உன் வருங்கால மாமனாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. மேசன் லாட்ஜில், அதாவது ஃப்ரீமேசன் என்ற சகோதர அமைப்பின் கிளையில், இருக்கும் ஒருவர் வீட்டில் பெண் கொடுப்பதா என்று ஒரு கத்தோலிக்கக் குடும்பம் யோசிப்பது இயல்பு. கத்தோலிக்கர் மேசனாகச் சேரக் கூடாது என்று 1738-ல் போப் பன்னிரண்டாம் கிளமெண்ட் போட்ட தடை இன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் வத்திக்கான் அதை மறுபடி உறுதி செய்தது. தங்கள் சபை சொல்வதைக் கேட்டு நடக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் யாரும் லாட்ஜில் சேர வேண்டாம், நீயும் சேர வேண்டாம். நாங்கள் ஆள் சேர்க்கப் போவதும் கிடையாது, விருப்பப்பட்டவர் தானாக வந்து கேட்க வேண்டும். நான் கேட்பதெல்லாம், டிசம்பர் 27 ராத்திரி எங்களோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுப் போகட்டும் என்பதுதான்.

அது என்ன 27 என்று சம்பந்தி கேட்பார். அவருக்கே தெரிந்த நாள்தான், அப்போஸ்தலர் யோவானின் திருநாள். மேசன்களுக்கு இரண்டு யோவான்களும் முக்கியம். யோவான் ஸ்நானகனின் நாளான ஜூன் 24-ல்தான் 1717-ல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கெல்லாம் தலைமை அமைப்பு, தொடங்கியது. பிறகு பிரிந்து கிடந்த இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் ஒன்றானது 1813-ல், டிசம்பர் 27 அன்று. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் என்பதால் வீட்டு வேலையும் சர்ச் வேலையும் ஓய்ந்திருக்கும். எங்கள் லாட்ஜின் கிறிஸ்துமஸ் விருந்தை அன்று வைத்துக்கொள்வது அதனால்தான்.

விருந்து வேறு, லாட்ஜ் கூட்டத்துக்குள்ளே கிறிஸ்துமஸ் கிடையாது. தீபாவளியும் கிடையாது, ரம்ஜானும் கிடையாது. கூட்டம் நடக்கும்போது மதத்தையும் அரசியலையும் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பழைய சட்டம். அதற்காகக் கடவுளை மறந்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரைச் சேர்ப்பதே இல்லை. நடுவில் மேஜையில் வேதாகமம், கீதை, குர்ஆன் எல்லாம் திறந்திருக்கும். புதிதாக வருகிறவர் தன் வேதத்தின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுப்பார். நான் எடுத்தது என் வேதாகமத்தின் மேல்தான். 1770-களிலேயே திருச்சியில் ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா மேசனாகச் சேர்ந்திருக்கிறார் என்றால், இது எவ்வளவு நாளாக நம் ஊர் விஷயம் என்று பார். ரகசியம் ரகசியம் என்கிறார்களே, ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் முறைகளையும் சடங்கின் சில பகுதிகளையும்தான் வெளியே சொல்வதில்லை. நான் உறுப்பினர் என்பதிலும், எங்கே கூடுகிறோம் என்பதிலும் ஒளிக்க ஒன்றும் இல்லை. லாட்ஜ் எனக்குச் சபை ஆகாது. ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாம் சர்ச்சில்தான், ரட்சிப்புக்கும் நான் அங்கேதான் போகிறேன்.

அப்படியானால் கிறிஸ்துமஸை ஏன் இவர்களோடு கொண்டாட வேண்டும் என்று கேட்டாய்.

உன் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்த டிசம்பர் உனக்கு நினைவிருக்கும். பரீட்சை கெடக் கூடாது என்று உன்னிடம் பாதிதான் சொன்னோம். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. பாட்டி மட்டும் பக்கத்து வீட்டில். அந்த வருஷம் நம் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டியது யார் தெரியுமா? மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் நம் பாய், என் லாட்ஜ் சகோதரர். ஏணி எடுத்துக்கொண்டு வந்து, பழைய நட்சத்திரத்தின் பல்பை மாற்றி, ஒயர் இழுத்துக் கட்டியிருக்கிறார். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து, அவரும் லாட்ஜ் சகோதரர்தான், நம் படுகர் அண்ணன் ஜீப்பில் சைப்ரஸ் கிளை கொண்டுவந்து மரம் வைத்தார். கேரல் ரவுண்ட்ஸ் வரும் ராத்திரி பாட்டி பக்கத்தில் இரண்டு பேரும் குளிரில் உட்கார்ந்திருந்து, பாட வந்த பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பி கொடுத்து, காணிக்கையும் போட்டு அனுப்பினார்களாம். நம் சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணும்போது பாய் தொப்பியோடு தலை குனிந்து நின்றதைப் பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டியதில் ஒரு பங்கு என்னைக் கேட்காமலே கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்டும் சொல்லவில்லை. எங்கள் வழக்கம் அது.

இவர்களோடு உட்காராமல் எனக்குக் கிறிஸ்துமஸ் எப்படி முடியும், சொல்?

நாங்களும் அப்படித்தான். மார்கழியில் படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா வரும்போது அண்ணன் வீட்டார் வெள்ளை உடுத்திப் பேரகணிக்குப் போவார்கள். நானும் அம்மாவும் ஒரு வெள்ளைத் துண்டாவது போட்டுக்கொண்டு போய் வருவோம். பெருநாள் அன்று பாய் வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

27-ஆம் தேதி என்ன நடக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிவிடு. அன்று சடங்கு எதுவும் இல்லை. ஏப்ரன், வெள்ளைக் கையுறை எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மனைவி, பிள்ளைகள், இறந்துபோன சகோதரர்களின் வீட்டார் எல்லோரும் வருவார்கள். அந்த விதவைகளைத்தான் முதல் வரிசையில் உட்கார வைத்துப் பரிமாறுவோம். லாட்ஜின் தலைவராக இருப்பவர் அன்று வாளி தூக்கிச் சாம்பார் ஊற்றுவார். கோழி ஹலாலாக அறுத்ததுதான். சைவக்காரர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனி, வேலை பார்ப்பதும் தனி ஆள். அம்மா முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் செய்கிறாள். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம், அது இல்லாமல் நமக்குக் கிறிஸ்துமஸ் ஏது. அண்ணன் வீட்டிலிருந்து அவரைக்கொட்டைக் குழம்பு வரும். மது கிடையாது, திராட்சை ஜூஸ்தான். ஒன்பது மணிக்கு எல்லோரும் எழுந்து, வர முடியாத சகோதரர்களை நினைத்து டம்ளரை உயர்த்துவோம். அப்புறம் தர்மப் பெட்டி சுற்றி வரும். விருந்தாளிகள் போட வேண்டியதில்லை.

பிள்ளைகள் இரண்டு பாட்டுப் பாடுவார்கள். போன வருஷம் கிறிஸ்து பிறப்புப் பாட்டைப் பாய் பேத்திதான் எடுத்துக் கொடுத்தாள், எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவது சரணம் மறந்துவிட்டது.

சம்பந்தி மனது ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதே. 26-ஆம் தேதி நம் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்பட்டும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு தடவை வந்து என் ஆட்களைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பற்றி முடிவு செய்யட்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்யாணத்தில் உனக்கு மாலை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் பாயும் அண்ணனும்தான் நிற்கப்போகிறார்கள்.

வருவதாக இருந்தால் மலை ரயிலை நம்ப வேண்டாம், மழையில் மண் சரிந்தால் நிறுத்திவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கு வண்டி அனுப்புகிறேன். பெரியவர்களுக்குக் கம்பளியும் காது மூட மஃப்ளரும் எடுத்து வரச் சொல். எத்தனை பேர், அதில் எத்தனை சைவம் என்று 20-ஆம் தேதிக்குள் சொல்லிவிடு, சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா