சாட்டிரின் குழலுக்கும் விதி உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் காட்டு உயிர்களைப் பற்றிய கட்டுரையில், மாயக்குழல் ஊதும் பாதி ஆடு பாதி மனிதனான சாட்டிரைப் பற்றி வந்த 'சாட்டிர் தாலாட்டு வாசித்தால் கேட்டவர் அனைவரும் ஒரு நிமிடம் எழ மாட்டார்கள்' என்ற வரி என்னை மிகவும் வருத்தியது. 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற எதிரிகள் கையேட்டில் உள்ள விதி தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இது எப்படி அச்சேறியது என்பதுதான் என் வேதனை.

குழலோசை எட்டுவது 60 அடி. கேட்பவர் 13-க்கு எதிராக விஸ்டம் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும்: இருபது முகப் பகடையின் எண்ணோடு தன் விஸ்டம் கூட்டல் எண்ணைச் சேர்த்து 13-ஓ அதற்கு மேலோ வந்தால் தப்பலாம். கூட்டல் எண் எதுவும் இல்லாதவருக்கே தப்ப 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட நால்வரும் ஒருசேரத் தோற்பது ஏறக்குறைய 13 சதவீதம்தான். தோற்றவரும் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி உருட்டலாம். மயக்கத்தில் தானாகத் தோற்பவை ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவ்கள் மட்டுமே, விஸ்டம் அல்ல. கட்டுரையாளர் தடுமாறிய இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அடி விழுந்தாலும், தோழர் ஒரு ஆக்‌ஷனைச் செலவழித்து உலுக்கினாலும் தூக்கம் கலையும். தப்பியவரையும் விழித்தவரையும் அந்தக் குழல் அடுத்த 24 மணி நேரம் தொடாது. எல்ஃப்களை மாயத்தால் தூங்க வைக்கவே முடியாது. இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை.

இதைவிட ஆபத்தானது அதே பக்கத்தில் 'சுலபமான சண்டை' என்று தந்திருக்கும் யோசனை: முதல் லெவல் வீரர் நால்வருக்கு எதிராக மூன்று சாட்டிர்கள், மூவர் கையிலும் குழல். ஒரு சாட்டிருக்கு 100 எக்ஸ்பி (எதிரியின் பலத்தை அளக்கும் அனுபவப் புள்ளி). 2014 விதிகளின்படி, மூன்று எதிரிகள் என்றால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும், 600 வருகிறது. அந்த நால்வருக்கு 'டெட்லி', அதாவது உயிராபத்தான சண்டையின், எல்லையே 400. போதாததற்கு, வழக்கமாக ஒரு கூட்டத்தில் ஒரு சாட்டிர்தான் குழல் வைத்திருக்கும் என்று புத்தகமே சொல்கிறது. மூன்று குழல் இருந்தால் மூன்று முறை தப்ப வேண்டும். தூங்குகிறவரை அருகில் நின்று குத்தி, குத்து பட்டால் அது கிரிட்டிகல், அதாவது சேதப் பகடை இரட்டிப்பு. குட்டை வாளுக்கு 2டி6+3 (இரண்டு ஆறு முகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு 3), சராசரி 10. முதல் லெவல் விஸார்ட் (மந்திரவாதி) அந்த ஒரே குத்தில் பெரும்பாலும் சாய்ந்துவிடுவார். முதல் முறை விளையாட உட்கார்ந்தவருக்கு இந்த அனுபவத்தையா தருவது? ஒரே சாட்டிர், ஒரே குழல், தூங்கியவர் பையிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு ஓட்டம்: அதன் வேகம் 40 அடி, பெரும்பாலான வீரர்களுக்கு 30. துரத்தலே நல்ல ஆட்டமாகிவிடும்.

குறை இத்தோடு நிற்கவில்லை. சென்ற ஆண்டு தேரோஸ் என்ற கிரேக்கப் பாணி உலகைப் பற்றிய விளையாட்டுப் புத்தகத்தின் சாட்டிரை அறிமுகப்படுத்தியபோதும், வீரர் ஆடும் சாட்டிருக்கு இந்த மாயக்குழல் உண்டு என்று எழுதினீர்கள். இல்லை. ஒரு இசைக்கருவியில் தேர்ச்சி உண்டு, அவ்வளவுதான். அதன் உண்மையான பலம் மாய எதிர்ப்பும், ஃபே (வனதேவதை) இனம் என்பதால், மனித வகை உயிர்களை மட்டும் கட்டிப்போடும் 'ஹோல்ட் பர்சன்' போன்ற மந்திரங்கள் தொடாததும். அவற்றுக்கு ஒரு வரி கூட இல்லை. அப்போதே கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதற்கும் முந்தைய ஓர் இதழில் 'பழங்கால கிரேக்க மட்பாண்டத்தில் உள்ளபடி' என்ற குறிப்போடு ஆட்டுக்கால் சாட்டிர் படம் வந்தது. அந்தக் காலத்து மட்பாண்டங்களில் சாட்டிருக்குக் குதிரை வாலும் குதிரைக் காதும்தான் வழக்கம். ஆட்டுக்கால் பான் தெய்வத்துடையது. பிற்காலத்தில்தான் சாட்டிரோடு கலந்தது. அழகான படம்தான், குறிப்பு தவறு.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போட்டு, 60 அடி, 13, முறைதோறும் மறு சேவ், 24 மணி நேரக் காப்பு, கூட்டத்துக்கு ஒரு குழல் என்ற ஐந்து செய்திகளை மட்டும் திருத்தமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்