மைக்செட் அண்ணனுக்கு நன்றி

2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் எங்கள் கொட்டாம்பட்டி வரை வந்து ஆடித் தீர்த்தது. ஊரே இருட்டு. அம்மாவுக்கு மூச்சிரைப்பு, நெபுலைசருக்குக் கரண்ட் இல்லை.

யார் சொன்னார்களோ, கல்யாண வீடுகளுக்கு ஓட்டும் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள் அண்ணே. புகை அம்மாவுக்கு ஆகாதென்று சந்து முனையிலேயே நிறுத்தினீர்கள். வீட்டு போர்டில் கொடுக்காமல் நெபுலைசருக்கு மட்டும் தனி வயர். "போர்டுல குடுத்தா கரண்ட் லைனுக்கு ஏறிரும்ப்பா, கம்பத்துல வேலை பாக்குற வயர்மேன் என்னாவாரு?" அந்த நேரத்திலும் அந்த ஆளை நினைத்தீர்களே!

அப்புறம் தெருக்காரர்களின் போனுக்கெல்லாம் சார்ஜ் வேறு. டீசல் காசைக்கூட வாங்கவில்லை. மேலூர்ப் பக்கம் இவரைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். அண்ணே, ஒருநாள் சாப்பிட வாங்க, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.