கேட்டது டிஸ்க், கொடுத்தது டிரம்: முதல் பைக் வாங்கப் போனவரின் புகார்

அனுப்புநர்
புதுக்கோட்டை மாவட்ட வாடிக்கையாளர்
(புக்கிங் எண், சேஸிஸ் எண், கைபேசி எண் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு மேலாளர்,
தலைமை அலுவலகம்

பொருள்: புக் செய்த 125 சிசி டிஸ்க் பிரேக் வண்டிக்குப் பதிலாக டிரம் பிரேக் வண்டியை என் பெயரில் பதிவு செய்தது, சட்டப்படி வண்டியோடு தர வேண்டியவற்றுக்குத் தனியாகப் பணம் வாங்கியது குறித்து.

ஐயா / அம்மா,

நான் கால்நடை ஆய்வாளர். கோமாரி தடுப்பூசி போடும் நாட்களில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்மாய்க் கரை, செம்மண் தடம், தரைப்பாலம் என்று சுற்றுகிற வேலை. இதுவரை பஸ்ஸையும் தம்பியையும் நம்பியிருந்தேன். இப்போது கியர் வண்டிக்கான லைசென்ஸ் எடுத்துவிட்டேன். முதல் வண்டி என்பதால் சின்னதாக, கட்டுக்குள் நிற்பதாக ஒன்று வேண்டும் என்று உங்கள் டீலரிடம் போனேன்.

ஷோரூமில் என்னைப் பார்த்ததும் ஸ்கூட்டர் வரிசைக்குத்தான் அழைத்துப் போனார்கள். "லேடீஸுக்கு இதுதான் அக்கா வசதி, பெட்டியைக் காலடியிலயே வச்சுக்கலாம்." ஸ்கூட்டர் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். நான் போகிற தடத்தில் மாட்டு வண்டிப் பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் கையைவிட்டுப் போய்விடும். பைக்கின் 17, 18 அங்குலச் சக்கரம் அதே பள்ளத்தை ஏறிக் கடந்துவிடும். இதை விளக்கிச் சொன்ன பிறகும் அந்த விற்பனைப் பையன் என் தம்பியைப் பார்த்தே பேசினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க, எந்தக் கலர்?" எங்கள் அம்மா அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் கற்ற தலைமுறை. 1990களின் தொடக்கத்திலேயே பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் மிதித்த மாவட்டம் இது. உங்கள் விற்பனைப் பயிற்சியில் அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்து 160 சிசி வண்டியைக் காட்டினார்கள். காரணம், அதில் ஏபிஎஸ் இருக்கிறதாம், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பாம். இதில் பாதி உண்மை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை சிபிஎஸ் (இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வைப்பது) இருந்தால் போதும் என்றது அந்த விதி. பதறிப்போய் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏபிஎஸ். அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் புதியவர்கள் கீழே விழுவது வேகத்தில் மட்டுமல்ல. வண்டியை நிறுத்தும்போது, யூ டர்ன் அடிக்கும்போது, சரிவில் நின்று கிளட்சை விடும்போதுதான் தடுமாறுகிறார்கள். அப்போது காப்பாற்றுவது தரையில் படிகிற கால்.

நான் ஐந்தடி உயரம். தம்பியின் ஸ்ப்ளெண்டரில்தான் பழகினேன். அதன் சீட் உயரம் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. அதில் இரண்டு முன்பாதமும் அழுத்தமாகத் தரையில் நிற்கும், சாய்ந்தாலும் நிமிர்த்திவிடுவேன். அந்த 160 சிசி வண்டியில் உட்கார்ந்தபோது ஒரு பக்கம் நுனிக்கால் மட்டும் எட்டியது. ஸ்டாண்டிலிருந்து எடுக்கவே தம்பி பிடிக்க வேண்டியிருந்தது. இதை முதல் வண்டியாக ஒருவருக்குப் பரிந்துரைக்கிறார்கள் என்றால், அவர் எட்டுகிறாரா என்று பார்க்காமலேயே பரிந்துரைக்கிறார்கள் என்று அர்த்தம். 125 வண்டிக்கு டெஸ்ட் ரைடு கேட்டேன். அந்த மாடலில் டெமோ வண்டியே இல்லை என்றார்கள். விலை உயர்ந்த மாடல்களுக்கு மட்டும் டெமோ வண்டி நிற்கிறது. ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கு அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கடைசியில் என் விருப்பப்படியே 125 சிசியில் முன்சக்கரம் டிஸ்க் உள்ள மாடலை புக் செய்தேன். அட்வான்ஸ் ரசீதிலும், வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலிலும் "டிஸ்க்" என்று இருக்கிறது. வங்கிக் கடன் போக மீதித் தொகையையும் கட்டிவிட்டேன்.

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார்கள். அதை முன்சக்கரத்தடியில் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். டிஸ்க் எனப்படும் வட்டத் தகடும் இல்லை, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இல்லை. சக்கரத்தின் நடுவில் மூடிய டிரம். ஹேண்டிலில் பிரேக் ஆயில் டப்பா இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெறும் கேபிள் இறங்குகிறது. அதன் பிறகுதான் வரி இன்வாய்ஸை என் கையில் கொடுத்தார்கள். அதில் டிரம் மாடல், அதற்குரிய குறைந்த விலை. மொத்தத் தொகை மட்டும் குறையவில்லை. வித்தியாசம் முழுவதும் "ஆக்சஸரீஸ்" என்ற ஒரு வரிக்குள் போயிருக்கிறது.

கேட்டதற்கு மேலாளர் சொன்ன பதில்: "டிஸ்க் ஸ்டாக் இல்லைங்க மேடம். ரெண்டுலயும் சிபிஎஸ் இருக்கு, ஒண்ணுதான். ஆர்டிஓவுல உங்க பேர்ல பதிவாயிடுச்சு, இனி மாத்த முடியாது."

ஒன்று அல்ல. சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதிக்கும்போது முன் பிரேக்கையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்க வைக்கும் ஏற்பாடு. முன்னால் பிடிப்பது எது என்பது வேறு விஷயம். பிரேக் போட்டதும் பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது கடந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்துவிடும், ஈரம் காயும்வரை பிடிப்பு மந்தமாக இருக்கும். டிஸ்க் திறந்த நிலையில் இருப்பதால் தண்ணீர் உடனே வழிந்துவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் போய்வருகிறவருக்கு டிரம் தாராளமாகப் போதும், பராமரிப்புச் செலவும் குறைவு. நான் அவர் இல்லை. மழை மாதங்களில் தரைப்பாலம் தாண்டிப் போகும் வேலை எனக்கு. அதனால்தான் கூடுதல் விலை கொடுக்க ஒப்புக்கொண்டு டிஸ்க் கேட்டேன்.

"வேணும்னா டிஸ்க் மாட்டித் தர்றோம்" என்றும் சொன்னார்கள். அதற்கு முன்ஃபோர்க், வீல், மாஸ்டர் சிலிண்டர் என்று எல்லாமே மாற வேண்டும். கம்பெனியில் சோதித்து வந்த சிபிஎஸ் அமைப்பில் பட்டறையில் கை வைத்த வண்டியை ஓட்ட எனக்குச் சம்மதமில்லை. வண்டியை எடுத்துக்கொள்ள மறுத்து, காரணத்தை டெலிவரி நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வண்டி அவர்கள் ஷோரூமில்தான் நிற்கிறது. என் கடனுக்கு அடுத்த மாதம் தவணை தொடங்குகிறது.

அந்த "ஆக்சஸரீஸ்" வரியைப் பிரித்துக் கேட்டபோது வந்த விவரம் இது: ஹெல்மெட், பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, சேலை கார்டு (பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுப்பது), லெக் கார்டு. லெக் கார்டை நான் கேட்கவே இல்லை. மற்றவை நான் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 138(4)(எஃப்) படி வண்டி விற்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும். பின்னிருக்கைக் கைப்பிடியும் பின்சக்கரத் தடுப்பும் விதி 123 படி வண்டியில் இருந்தே ஆக வேண்டியவை. எனக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் அந்தத் தரத்தைக் காட்டும் ஐஎஸ்ஐ முத்திரையே இல்லை, தலையில் போட்டால் இடம் வலமாகச் சுற்றுகிறது. புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைக் கொடுத்து, அதற்குப் பில்லும் போட்டிருக்கிறார்கள்! இன்சூரன்ஸை வேறு இடத்தில் எடுக்கிறேன் என்றதற்கும் "இங்கதான் எடுக்கணும், இல்லைன்னா டெலிவரி லேட் ஆகும்" என்றார்கள். 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது தெரியும். அதை யாரிடம் எடுப்பது என்பது என் விருப்பம்.

டீலர் தனி, கம்பெனி தனி என்று தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். வாசலில் இருப்பது உங்கள் பலகை.

நான் கேட்பது இவ்வளவுதான். புக் செய்த டிஸ்க் மாடலை, புதிய வண்டியாக, பதிவுச் செலவு முழுவதையும் நீங்களே ஏற்று என் பெயரில் தர வேண்டும். இப்போது பதிவாகியிருக்கும் வண்டியை டீலர் தன் பொறுப்பில் மாற்றிக்கொள்ளட்டும். அது முடியாதென்றால் இன்சூரன்ஸ், சாலை வரி உட்பட நான் கட்டிய முழுத் தொகையையும் திருப்பித் தந்து, வங்கிக் கடனையும் முடித்துக் கொடுக்க வேண்டும். எந்த வழியானாலும் ஆக்சஸரீஸ் தொகை திரும்ப வர வேண்டும், அளவெடுத்த ஐஎஸ்ஐ ஹெல்மெட் தனியாக வர வேண்டும். அப்புறம், அந்த ஷோரூமில் 125 வண்டிக்கும் ஒரு டெமோ நிறுத்தி வையுங்கள். இது எனக்காக அல்ல, அடுத்து வருகிறவருக்காக.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அட்வான்ஸ் ரசீது, வாட்ஸ்அப் விலைப்பட்டியல், வரி இன்வாய்ஸ், டெலிவரி நோட்டின் நகல், முன்சக்கரத்தின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்