ஓவர்லே கலன்களின் மொத்தச் சூட்டு நேரத்தைக் கணக்கில் எடுக்க உத்தரவிடக் கோரும் மனு

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ், பயனியர் ரோடு, ஜூ கூன் பக்கத்துப் பட்டறைகளில் அழுத்தக் கலன்களுக்கு (உயர் அழுத்தத்தில் வாயுவோ திரவமோ வைக்கும் எஃகுக் கலன்களுக்கு) வெல்டிங் செய்யும் தொழிலாளர்கள் சார்பில் எழுதுகிறோம். இந்தப் பட்டறைகளைத் தாங்கள் நேரில் பார்த்தவர். இங்கே செய்யும் கலன்கள் ஜூரோங் தீவின் ரசாயன ஆலைகளுக்குப் போவதையும் அறிந்தவர். அதனால் இடத்தைப் பற்றி விளக்கவில்லை. இதே விஷயமாக முன்பு அனுப்பிய மனுக்களுக்கு, கிடைத்துவிட்டது என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்ததோடு சரி. அப்புறம் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். உட்சுவரில் அரிப்பைத் தாங்குவதற்காக ஓவர்லே, அதாவது வெல்டிங்கால் ஏற்றிய துருப்பிடிக்காத எஃகு மேலடுக்கு, போட்ட ஒவ்வொரு கலனும் வெல்டிங்குக்குப் பிறகு பர்னஸில் மொத்தம் எத்தனை மணி நேரம் சூட்டில் நின்றது என்ற கணக்கு, பழுதுபார்த்தபின் ஏற்றிய சூடுகளையும் சேர்த்து, அந்தக் கலனின் ஆவணங்களோடு இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதற்கும் போதுமான தகுதிச் சோதனை, அதாவது அதே முறையில் வெல்டு செய்த ஒரு துண்டைச் சூட்டில் வைத்துப் பார்க்கும் சோதனை, வேலை தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இதற்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

1. இது நாங்களாகக் கேட்கும் புதுச் சலுகை இல்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதிநூலின் 9ஆம் பகுதியிலேயே இருக்கிறது. சோதனைத் துண்டு சூட்டில் நின்ற மொத்த நேரத்தைவிட, கலன் நிற்கும் நேரம் 25 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால், அரிப்பைத் தாங்கும் ஓவர்லேயின் தகுதிச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். 50 மில்லிமீட்டர் கார்பன் எஃகை எடுத்துக்கொள்வோம். குறைந்தது 595 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். சோதனைத் துண்டும் 2 மணி நேரம் நின்றிருந்தால், கலனின் நேரம் இரண்டரை மணியைத் தொடும்போதே அந்தச் சோதனை செல்லாது. ஒரு பழுதுபார்ப்பு, இன்னொரு முறை பர்னஸ் என்று ஆனால் மொத்தம் 4 மணி நேரம். இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும்.

2. சூடு கீழே இருக்கும் எஃகுக்கு நல்லது. வெல்டிங்கில் ஏறிய இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆனால் மேலே இருக்கும் ஓவர்லேவுக்கு அதே சூடு கெடுதல். நேரம் நீள நீள, அடி எஃகின் கார்பன் ஓவர்லே பக்கம் நகர்ந்து, இரண்டும் சேரும் கோட்டில் கடினமான ஒரு பட்டை உண்டாகிறது. ஓவர்லேயில் இருக்கும் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, அரிப்பைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. இதற்காகத்தான் 309எல், 316எல் என்று கார்பன் குறைந்த வெல்டிங் கம்பிகளும், நயோபியம் சேர்த்த 347 கம்பியும் வாங்குகிறார்கள். கம்பிக்குச் செலவழிப்பவர்கள் நேரத்தை எண்ண மறுக்கிறார்கள். சோதனையில் நான்கு துண்டுகளைப் பக்கவாட்டில் வளைத்துப் பார்ப்பதும், ஓவர்லேயில் 1.5 மில்லிமீட்டர், சேரும் கோட்டில் 3 மில்லிமீட்டர் என்று விரிசல் போன்ற திறந்த குறைக்கு எல்லை வைத்திருப்பதும் ஓவர்லே விரியாமல் வளைகிறதா என்று அறியத்தான். வளைத்த துண்டு கண்டது 2 மணி நேரச் சூடு. கலன் கண்டது 4 மணி நேரம். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

3. இதனால் யார் அவதிப்படுகிறார்கள் என்று சொல்கிறோம், தயவுசெய்து முழுவதும் படியுங்கள். பர்னஸிலிருந்து வந்த கலனுக்குள் சாயம் தெளித்துப் பார்க்கும்போது விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். உடனே வெல்டரை மேன்ஹோல் (கலனில் ஆள் நுழையும் துளை) வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. முழங்காலில் நின்றோ மல்லாந்து படுத்தோ கிரைண்டரைப் பிடிக்க வேண்டும். வெட்டுவது துருப்பிடிக்காத எஃகு, பறப்பது குரோமியமும் நிக்கலும் கலந்த தூசி. ஊதுகுழாய் ஒன்று இருக்கிறது, ஆனால் ஆள் உள்ளே திரும்பினால் அது மடிந்துவிடுகிறது. பிறகு வெல்டிங். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி எஃகுக் கலன் என்றால் சுவரை 150 டிகிரியை ஒட்டி முன்சூடு ஏற்றி, அந்தச் சூடு இறங்காமல் வைத்துக்கொண்டுதான் வெல்டு பண்ண வேண்டும். தோல் அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு அந்தச் சுவரை ஒட்டி ஒரு மனிதன் படுத்திருக்கிறான். வெளியே வரும்போது பனியனைப் பிழிந்தால் வியர்வை ஊற்றுகிறது. வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2017இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்தது. மூடிய இடங்களில் வேலை செய்வதற்கு 2009 முதல் தனி விதிமுறைகள் இருக்கின்றன. அனுமதிச் சீட்டும் எழுதுகிறார்கள், வாசலில் காவலாளும் நிற்கிறார். ஆனால் அந்த ஆள் எதற்காகத் திரும்பத் திரும்ப உள்ளே போகிறான் என்று கேட்க யாரும் இல்லை. பழுது பார்த்ததும் கலன் மீண்டும் பர்னஸுக்குப் போகிறது, நேரம் இன்னும் கூடுகிறது, அடுத்த சோதனையில் வேறு இடத்தில் விரிசல். மறுபடி அதே ஆள், அதே மேன்ஹோல். ஐயா, இது எத்தனை முறை?

4. பழியும் வெல்டர் தலையில்தான். "உன் கை சரியில்லை" என்கிறார்கள். வேலை அனுமதி முதலாளி கையில் இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்?

5. பர்னஸின் வெப்பமும் நேரமும் பதிவாகும் தெர்மோகப்பிள் சார்ட் ஒவ்வொரு சூட்டுக்கும் தனித்தனியாக இருக்கிறது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. கூட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம். பதிவுக்கு வரும் கலன்களின் ஆவணத்தில் மொத்த நேரம் என்று ஒரு வரி இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். பழுதுபார்ப்புக்கும் சேர்த்து நேரத்தைக் கூட்டி, சோதனைத் துண்டை முதலிலேயே அவ்வளவு நேரம் சூட்டில் வைக்கச் சொல்லுங்கள். துண்டு தாங்கவில்லை என்றால் அது மேசையிலேயே தெரிந்துவிடும், எங்கள் ஆள் உள்ளே போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சார்ட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறோம். பட்டறைக்கு ஒருமுறை வந்து, ஓவர்லே கலன் ஒன்றின் ஆவணக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழும் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி என்பதால் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். எந்த மொழியில் பதில் தந்தாலும் சரி, இந்த முறை பதில் வேண்டும். மொத்தச் சூட்டு நேரத்தைக் கணக்கில் எடுக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
துவாஸ் வட்டார வெல்டிங் தொழிலாளர்கள்