தோல் ஜாக்கெட்டை நின்றபடி போட்டுப் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் சிறிய மோட்டார்சைக்கிளுக்கான 2பி உரிமம் பெற்று வார இறுதியில் உட்லண்ட்ஸ் அல்லது துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடி வழியாக மலேசிய நெடுஞ்சாலைகளில் மோட்டார்சைக்கிளோட்டிச் செல்லும் நம் இளையர்கள், தோல் ஜாக்கெட் வாங்கும்போது விலையையும் தோற்றத்தையும் ஆராயும் அளவுக்கு அது உடலுக்குப் பொருந்துகிறதா என்பதை ஆராய்வதில்லை. இங்கே சட்டப்படி கட்டாயமானது தலைக்கவசம் மட்டுமே. ஜாக்கெட் அவரவர் விருப்பம் என்பதால், அதைப் பற்றிய பேச்சும் குறைவாகவே இருக்கிறது.

“நம் ஊர் வெயிலுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கினால்தான் காற்றோட்டமாக இருக்கும்” என்று பலரும் சொல்லக் கேட்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. தளர்ந்த ஜாக்கெட்டுக்குள் புகும் காற்று அதை உப்பவைத்துத் தோள்களைப் பின்னுக்கு இழுக்குமே தவிர, உடலைப் பெரிதாகக் குளிர்விக்காது. அதைவிட முக்கியம், கீழே விழுந்து சாலையில் சறுக்கும் அந்தச் சில நொடிகளில் ஜாக்கெட்டின் தளர்ந்த கைப்பகுதி மேலே ஏறிவிடும். ஜாக்கெட்டுக்குள் முழங்கையைக் காக்க வேண்டிய பேட், அதாவது அதிர்ச்சி தாங்கும் திண்டு, பக்கவாட்டில் திரும்பிவிடும். முழங்கை, தோள் பேட்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1621-1 இரண்டு நிலைகளை வகுத்துள்ளது. இரண்டாம் நிலை பேட் அதிர்ச்சியை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் மூட்டின்மேல் நிற்காத பேட் எந்த நிலையாக இருந்தால் என்ன? வெப்பம்தான் கவலை என்றால், மார்பிலும் கைகளிலும் நுண்துளையிட்ட தோலைத் தேர்ந்தெடுத்து, உள்ளே வியர்வையை உறிஞ்சும் மெல்லிய முழுக்கைச் சட்டை அணியலாம். சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போது எந்த ஜாக்கெட்டும் புழுங்கத்தான் செய்யும்.

கடைக் கண்ணாடியின் முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதுதான் பெரிய தவறு என்பேன். விளையாட்டு ரக வண்டிகளுக்கான ஜாக்கெட்டின் கைகள் வளைவாகத் தைக்கப்பட்டிருக்கும். நிற்கும்போது அது முன்பக்கம் இழுப்பதாகத் தோன்றும், எனவே சரியான ஜாக்கெட்டையே பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். வண்டியில் அமர்ந்து, ஜிப்பை முழுவதும் மூடி, கைப்பிடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போது கையின் நுனி மணிக்கட்டு எலும்பை மறைக்கிறதா, முதுகுப்பக்கம் ஏறி இடுப்பு தெரிகிறதா, கழுத்துப்பட்டை அழுத்துகிறதா என்று கவனிக்கலாம். முழங்கை பேட்டை உடன் வந்தவர் பிடித்துத் திருகும்போது அது எளிதில் நழுவினால் அந்த அளவு உங்களுக்குப் பெரிது. புதுத் தோல் விறைப்பாக இருந்து, அணிய அணிய உடலுக்கேற்ப நெகிழும் என்பதால் மார்பிலும் முழங்கையிலும் சற்று இறுக்கம் இருக்கலாம். ஆனால் தோல் நெகிழ்வதால் கையின் நீளம் அதிகரிக்காது. குட்டையான கை குட்டையாகவே இருக்கும்.

முதுகையும் தடவிப் பாருங்கள். பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது வெறும் மெல்லிய பஞ்சுதான். இஎன் 1621-2 தரமுள்ள பேட்டைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அதைச் செருகியபின் இறுக்கம் கூடும் என்பதால், வாங்கும்போதே அதனுடன் அணிந்து பார்ப்பது நல்லது. சாலையில் பலர் வெயிலுக்கும் காற்றுக்கும் மெல்லிய ஜாக்கெட்டை முன்பின் மாற்றி அணிகிறார்கள். தோல் ஜாக்கெட்டை அப்படி அணிந்தால் முதுகு பேட் மார்புக்கு வந்துவிடும், முதுகோ திறந்து கிடக்கும்.

பெண்களின் நிலை இன்னும் சிரமம். ஆண்களுக்கு வெட்டப்பட்டதில் சிறிய அளவை எடுத்துக்கொள்ளச் சொன்னால், இடுப்பில் பிடிக்கும் ஜாக்கெட் தோளில் தொங்கும், தோள் பேட் புயத்துக்கு இறங்கிவிடும்.

ஊபி, காக்கி புக்கிட் வட்டாரக் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அணிந்து பார்ப்போர் அமர்வதற்குக் கடையில் ஒரு வண்டியை நிறுத்தி வையுங்கள். இடமில்லை என்றால், விலைச்சீட்டைக் கழற்றாத ஜாக்கெட்டை வாடிக்கையாளர் தம் சொந்த வண்டியில் அமர்ந்து பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று நாள் அவகாசமாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார்சைக்கிளோட்டும் வாசகர்,
ஈசூன்