கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கடிதம்

முலாஞ்சே, மலாவி
ஜூன் 28, ஞாயிறு

அன்புத் தோழிக்கு,

நீ பக்கம் பக்கமாக அனுப்பும் செய்திகளுக்கு நான் ஒரு வரியில் பதில் போடுகிறேன் என்று கோபித்திருந்தாய். கோபம் நியாயம்தான். காலையிலிருந்து கரண்ட் இல்லை, வெளியே சிப்பெரோனி. சரி, இன்றாவது உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

சிப்பெரோனி என்றால் இந்த மாதங்களில் மொசாம்பிக் பக்கமிருந்து வரும் மூட்டமும் சாரலும். எல்லைக்கு அப்பால் அந்தப் பெயரில் ஒரு மலை இருக்கிறது. நமக்கு ஜூலை மாத வால்பாறை எப்படியோ அப்படி. சுற்றிலும் தேயிலைத் தோட்டம் வேறு. முதல் முதலில் வந்து இறங்கியபோது, இவ்வளவு தூரம் பறந்து மறுபடி ஆனைமலைக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தோட்டங்களுக்குப் பின்னால் முலாஞ்சே மலை சுவர் மாதிரி நிற்கிறது. சபிட்வா என்ற உச்சி 3,002 மீட்டர். ஆனைமுடியைவிட உயரம்.

இங்கிருந்து ஊருக்குக் கிளம்ப இன்னும் மூன்று வாரம். வீட்டைக் காலி செய்கிறாயா, மூட்டை கட்டுகிறாயா என்று கேட்டிருந்தாய். மூட்டை ஒரு மணி நேர வேலை. நாளெல்லாம் நான் செய்வது என்ன தெரியுமா? வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. மே மாதமே மூன்றாம் ஃபாரம் கணக்கை இங்குள்ள இளம் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாம் ஃபாரம் நம் பதினொன்றாம் வகுப்பு மாதிரி. 72 பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு புத்தகம். என்னைவிட முப்பது வயது சின்னவர் அவர். இனி அவர்தான் நடத்தப்போகிறார். அதனால் இப்போதே நடத்தட்டும், நான் பின்னால் இருக்கிறேன் என்று ஏற்பாடு.

முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரத்தில் மூன்று முறை எழுந்து கரும்பலகைக்குப் போய்விட்டேன். அவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். மூன்றாவது முறை பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லோருடைய கண்ணும் என் மேல், அவர் மேல் ஒரு கண்கூட இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் இடத்தை அல்லவா நான் பிடுங்கியிருக்கிறேன்! மறுநாளிலிருந்து கையில் ஒரு நூல்கண்டும் குரோஷா ஊசியும் எடுத்துப் போகிறேன். கை சும்மா இருந்தால்தானே எழுந்து ஓடும்.

போன செவ்வாய்க்கிழமை வடிவொத்த முக்கோணங்கள் நடந்தது. பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும், நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் நடத்தினேன். அவர் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். யூகலிப்டஸ் மரத்தைக் காட்டி, ‘ம்துன்சி’ என்றார். சிச்சேவா மொழியில் நிழல். மரத்துக்கு ஒரு நிழல், அந்தப் பெண்ணுக்கு ஒரு நிழல், இந்தக் குச்சிக்கு ஒரு நிழல், எல்லாம் ஒரே சூரியன் போட்டது என்று அவர்கள் மொழியிலேயே சொன்னார். பிறகுதான் விகிதம் என்ற சொல்லே வந்தது. எனக்கு முக்கால்வாசி புரியவில்லை, ஆனால் பிள்ளைகள் முகத்தில் வெளிச்சம் வந்தது தெரிந்தது. என்னிடம் படித்தபோது சூத்திரத்தை ஒப்பித்தவர்கள் அன்று மரத்தை அளந்தார்கள்.

நம் பக்கத்து ஜூன் நிழல் ஞாபகமிருக்கிறதா? நண்பகலில் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஒரு மீட்டர் குச்சிக்கு பொள்ளாச்சியில் இப்போது 22 சென்டிமீட்டர்தான் வரும். இங்கே நடுப்பகலிலும் 82. சூரியன் அவ்வளவு வடக்கே சாய்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாகைமானி, ஸ்ட்ரா, நூலில் கட்டிய கல் வைத்து கோணம் அளக்கும் கருவி செய்வோமே, அதைப் போன வருடம் இங்கே செய்தோம். மலைச்சரிவை அதில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "எத்தனை டிகிரி இருந்தால் மலை விழும், மேடம்?" என்று கேட்டாள். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் மழையில் இந்தச் சரிவுகள் மண்ணும் பாறையுமாகப் பெயர்ந்து ஊர்களின் மேல் வந்தன. பள்ளிக்கூடங்கள்தான் அப்போது முகாம்கள். அவள் குடும்பமும் ஒரு வகுப்பறையில் வாரக்கணக்கில் இருந்திருக்கிறது. கோணம் மட்டும் காரணமில்லை, மண் எவ்வளவு தண்ணீர் குடித்தது, பிடித்து நிறுத்த வேர் இருந்ததா என்பதெல்லாம் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். என் சர்வீஸில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு தேவையோடு என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சாயங்காலங்கள் சாப்பாட்டில் போகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிடுகிறார்கள். வாசலில் நின்று ‘ஒடீ!’ என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து ‘ஒடினி’ என்று வந்த பிறகுதான் காலெடுத்து வைக்கலாம். சாப்பிடுமுன் வீட்டுக்காரர்களே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நம் கையில் ஊற்றுகிறார்கள். ன்சிமா என்பது மக்காச்சோள மாவுக் களிதான். தொட்டுக்கொள்ள கீரை, இல்லாவிட்டால் ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா. நெத்திலிக் கருவாடு என்றே நினைத்துக்கொள்ளலாம். அப்புறம் நந்தோலோ. அது வேறு ஒன்றுமில்லை, நம் துவரை. இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் போகிறது. 2021இல் வருடத்துக்கு 50,000 டன் என்று இரண்டு நாடுகளும் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. உன் சாம்பாரில் வேகும் பருப்பு இந்த மலையடிவாரத்திலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். அதை இவர்கள் தோலோடு முழுசாக வேகவைத்துத்தான் சாப்பிடுவார்கள். நான் உடைத்து சாம்பார் வைத்ததை எதிர்வீட்டு அம்மா ருசி பார்த்து, புளிக்கு மட்டும் முகம் சுளித்தார். குக்கரை அவருக்குத்தான் கொடுக்கப் போகிறேன். விசில் சத்தத்துக்குப் பயப்படாத ஆள் அவர் ஒருத்தர்தான்.

நேற்று அவர் ஒரு கோழியை உயிரோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். போகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அவருடைய இரண்டு மாத வெஞ்சனக் காசு அது. வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது தெரியும், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் போன பிறகு நன்றாக அழுதேன்.

இங்கே விடைபெற இரண்டு சொற்கள் உண்டு. போகிறவரிடம் ‘பித்தானி ப்வினோ’, நல்லபடியாகப் போங்கள். இருப்பவரிடம் ‘த்சலானி ப்வினோ’, நல்லபடியாக இருங்கள். ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இரண்டாவது சொல் வரவேயில்லை. வருவேன் என்று அதில் எங்கேயும் இல்லையே.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. போன வியாழக்கிழமை அந்த ஆசிரியர் தானாகவே வந்து ஒரு யோசனை சொன்னார். செப்டம்பர் 23 அன்று இவர்கள் இங்கே ஒரு மீட்டர் குச்சி நட்டு அதன் நண்பகல் நிழலை அளப்பார்கள். அங்கே பொள்ளாச்சியில் யாராவது அதே நாளில் அளக்க வேண்டும். இவர்கள் நிழல் தெற்கே விழும், நம் நிழல் வடக்கே விழும். சூரியன் உச்சியிலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது நிழலின் நீளத்திலிருந்து கிடைக்கும், அந்த இரண்டு கோணத்தையும் கூட்டினால் 27 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் நடுவே 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீதியைப் பிள்ளைகளே போட்டு பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 வருடங்களுக்கு முன்னால் செய்ததும் இதே ஆப்பிரிக்காவில்தானே, எகிப்தில்! யோசனை முழுக்க அவருடையது, நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை உனக்கு எழுதத்தான் இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நான் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன், உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. உன் ஒன்பதாம் வகுப்பைத் தருவாயா? காலாண்டுத் தேர்வு சமயம் என்பாய், அரை மணி நேரம் போதும். கடிகாரத்தின் பன்னிரண்டு மணியை நம்பாதே. அங்கே 12.10லிருந்து 12.20 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்கச் சொல், எது மிகக் குட்டையோ அதுதான் கணக்கு. தூக்குக்குண்டு கட்டி குச்சி நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொள். நானும் வருவேன், ஆனால் பின்னால்தான் நிற்பேன்.

அண்ணனுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பதில் எழுது, ஒரு வரியாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி