டெல்ஃபியில் கிடைத்த டீச்சரம்மாவுக்கு நன்றி

கிரீஸ் பயணத்தில் எங்களுக்கு உதவிய, பெயர் சொல்லாமலே சிரித்து மழுப்பிவிட்ட அந்த டீச்சரம்மாவுக்கு இந்தப் பதிவு.

டெல்ஃபி இடிபாடுகள் பர்னாசஸ் மலைச்சரிவில் இருக்கின்றன. அப்பல்லோ கோயில், அதற்கு மேலே நாடக அரங்கம், அதற்கும் மேலே பந்தயத் திடல், எல்லாமே ஏற்றம். அம்மாவின் முழங்கால் கோயிலோடு நின்றுவிட்டது. "நீங்கள் மேலே போய் வாருங்கள், நாங்கள் மியூசியத்தில் இருக்கிறோம்" என்றார், ஓய்வுபெற்ற அந்த ஆசிரியை. முன்பின் தெரியாதவரோடு அனுப்ப எனக்குத் தயக்கம். அம்மாவுக்குத் துளியும் இல்லை.

திரும்பி வந்தால் அம்மா எனக்கே பாடம் எடுக்கிறார்! வெண்கலத் தேரோட்டி சிலை, கி.மு. 5ஆம் நூற்றாண்டு, 1896இல் தோண்டியெடுத்தது. பதித்த கண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. இமைமுடிகூட செம்பில் செய்தது. "காலைப் பாருடா" என்றார். தேருக்குள் மறைந்துபோகும் பாதங்கள்தான், ஆனாலும் நரம்பு தெரிய வார்த்திருக்கிறார்கள். நானாகப் போயிருந்தால் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பேன்.

அப்புறம் டீச்சர் ஏதென்ஸ் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். காபிக்குக்கூட காசு கொடுக்க விடவில்லை.

மிக்க நன்றி டீச்சர். அம்மாவும் சொல்லச் சொன்னார்.